இறக்கத்தில் செலவாகும் மூச்சு

செக் குடியரசின் நோவே மெஸ்தோ நகரத்துக் காட்டுப் பாதையில் மரவேர்கள் அதிகம். மழை பெய்தால் அவை வழுக்கும். 2021 மே மாதம் அங்கே நடந்த மலைசைக்கிள் உலகக் கோப்பைப் பந்தயத்தில், இங்கிலாந்தின் லீட்ஸ் நகரைச் சேர்ந்த 21 வயது டாம் பிட்காக், நெதர்லாந்தின் மத்தியூ வான் டெர் பூலை ஏறத்தாழ ஒரு நிமிடம் பின்னுக்குத் தள்ளி வென்றார். இந்தப் பந்தயங்கள் வாரக் கடைசி முழுவதையும் எடுத்துக்கொள்ளும். முதலில் இருபது நிமிடம் சொச்சம் ஓடும் குறும்பந்தயம். ஞாயிற்றுக்கிழமை ஒன்றேகால் மணி நேரத்துக்கும் மேல் நீளும் முதன்மைப் பந்தயம். குறும்பந்தயத்தில் முந்துகிறவருக்கே முதன்மைப் பந்தயத்தின் முன்வரிசையில் இடம். பாதை குறுகலானது என்பதால், பின்வரிசையில் நிற்பவர் முதல் சுற்றிலேயே பலரைத் தாண்டியாக வேண்டும். பிட்காக்கின் வெற்றிக்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம், அறுபது கிலோவுக்கும் குறைவான உடல், அதற்குப் பொருந்தாத அளவு பெரிய நுரையீரல் திறன் என்பது. பொய்யில்லை, ஆனால் பாதிக் கதைதான். மேட்டில் கண்ணுக்குத் தெரியும் வினாடிகளில் ஒரு நல்ல பங்கு, அதற்கு முந்தைய இறக்கத்திலேயே தொலைந்தவை என்பதுதான் உடலியல் சொல்லும் மீதிக் கதை.

தார்ச்சாலைப் பந்தயத்தில் இறக்கம் என்றால் ஓய்வு. கால் நிற்கும், மூச்சு அடங்கும், இதயத் துடிப்பு இறங்கும். மலைசைக்கிளில் அப்படி நடப்பதில்லை. பந்தயம் முழுக்க வீரரின் இதயம் சராசரியாக அதன் உச்ச வேகத்தில் சுமார் 90 சதவீதத்தில் துடிக்கிறது என்று அளந்திருக்கிறார்கள். அதே நேரத்தில் பெடலில் செலுத்தப்படும் திறனைப் பார்த்தால், அது பூஜ்யத்துக்கும் உச்சத்துக்குமாகத் தாவிக்கொண்டே இருக்கிறது. பெடல் சுழலாத இறக்கத்தில் திறன்மானி பூஜ்யம் காட்டுகிறது. இதயத் துடிப்போ கொஞ்சம்தான் குறைகிறது. இரண்டு கருவிகளில் எது பொய் சொல்கிறது? எதுவுமில்லை. சீட்டை விட்டு எழுந்து, முழங்கால் மடக்கி, தோப்புக்கரணத்தின் பாதியில் நின்றுவிட்டவரைப் போலத்தான் அவர் இறங்குகிறார். தொடையும் முதுகும் முன்கையும் நீளம் மாறாமல் இறுகி நின்று, ஒவ்வொரு வேரின் அதிர்ச்சியையும் வாங்குகின்றன. இப்படி இறுகிய தசை தன்னுள் ஓடும் ரத்தக் குழாய்களையே நசுக்கும். ரத்த அழுத்தமும் துடிப்பும் ஏறும். மேடேறியபோது தசையில் சேர்ந்த கழிவு வெளியேற வேண்டிய நேரத்தில் அங்கே ரத்த ஓட்டம் தடைபடுகிறது. பெடலை அளக்கும் கருவிக்கு இந்த வேலை தெரியாது.

இன்னொரு செலவும் உண்டு, அது பிரேக். ஆளும் வண்டியும் சேர்த்து 70 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 8 மீட்டர் வேகத்தில் வந்தவர் பயந்து 5 மீட்டருக்குக் குறைத்தால், ஏறத்தாழ 1,400 ஜூல் ஆற்றல் பிரேக் டிஸ்க்கில் வெப்பமாகிக் காற்றில் போய்விடும். பழைய வேகத்தை எட்ட அதைக் காலால்தான் திருப்பித் தர வேண்டும். கூடுதலாக 300 வாட் செலுத்தினாலும் நாலைந்து நொடி ஆகும். ஒரு சுற்றுக்கு நான்கு முறை இப்படித் தேவையில்லாமல் பிரேக் பிடித்தால், ஏழு சுற்றில் 38 கிலோஜூல். ஒருவர் நெடுநேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய திறனுக்கு மேலே போய்ச் செய்யக்கூடிய வேலைக்கு ஓர் எல்லை உண்டு. பயிற்சி பெற்றவர்களிடம் அது பெரும்பாலும் 15 முதல் 25 கிலோஜூல்தான். வேகம் குறைத்தால் அந்த இருப்பு மெல்ல நிரம்பும் என்பது உண்மை. ஆனால் நிரம்ப வேண்டிய இடமே இறக்கம்தான்! நியூசிலாந்தின் மாஸி பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பிரேக்கில் வீணாகும் ஆற்றலை அளப்பதற்கென்றே தனிக் கருவி செய்து பார்த்ததற்குக் காரணம் இந்தக் கணக்குதான்.

இதற்கு மறுப்புகள் உண்டு, லேசானவையும் அல்ல. இறக்கத்தில் துடிப்பு ஏறுவது பயத்தால்தான், உழைப்பால் அல்ல என்பார்கள். பயத்துக்குப் பங்கு உண்டு. ஆனால் மலையிறக்கத்தில் சைக்கிள் ஓட்டியவர்களின் மூச்சுக்காற்றையே அளந்தபோது, அவர்கள் தங்கள் உச்ச அளவில் ஏறத்தாழ பாதி ஆக்சிஜனைச் செலவிட்டது தெரிந்தது. வெறும் பயம் அவ்வளவு ஆக்சிஜனைத் தின்னாது. நவீன சஸ்பென்ஷன் அதிர்ச்சியை வாங்கிவிடுகிறதே என்பது அடுத்த மறுப்பு. வாங்குகிறதுதான்; அதனாலேயே வீரர்கள் இன்னும் வேகமாக இறங்குகிறார்கள், பாதை அமைப்பவர்களும் இன்னும் கடினமான பாறைகளைத் தேடுகிறார்கள். எங்கே பிரேக் பிடிப்பது என்பதை எந்த ஸ்பிரிங்கும் முடிவு செய்யாது. மூன்றாவதுதான் வலுவான மறுப்பு: பந்தய நேரத்தில் பெரும்பகுதி மேட்டில் கழிகிறது, வீரர்களுக்கு இடையிலான வித்தியாசமும் அங்கேதான் விரிகிறது, ஆகவே வெல்வது நுரையீரல்தான். புள்ளிவிவரம் சரி, முடிவு அவசரமானது. ஒரு மேட்டை ஒருவர் எவ்வளவு வேகமாக ஏறுகிறார் என்பது, அதன் அடிவாரத்துக்கு எந்த நிலையில் வந்து சேர்ந்தார் என்பதைப் பொறுத்தது. நொடி தொலைந்த இடமும், தொலைந்தது தெரியும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. பாதை எளிதாக இருந்தால் இந்த வாதம் வலுவிழக்கும் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 2024 பாரிஸ் ஒலிம்பிக் பாதை பெரும்பாலும் சரளைக் கல்தான். அங்கே நடுவில் டயர் பஞ்சராகி அரை நிமிடத்துக்கும் மேல் பின்தங்கிய பிட்காக், அதை ஈடுகட்டி 9 நொடி வித்தியாசத்தில் தங்கம் வென்றார். அதில் பெரும்பங்கு நுரையீரலுடையது, சந்தேகமில்லை. ஆனால் அந்த நுரையீரல் இல்லாதவர் யாரும் இந்தப் பந்தயத்தின் முன்வரிசைக்கே வருவதில்லை. எல்லோரிடமும் இருப்பது, யார் வெல்வார் என்பதை விளக்காது.

ஒரே வாரக் கடைசியில் இரண்டு பந்தயம் ஓட வேண்டிய இளம் வீரருக்கு இந்த இறக்கக் கணக்கு கூடுதலாகப் பொருந்தும். குறும்பந்தயத்தில் கரைந்த தசைச் சர்க்கரை, சோறோ பாஸ்தாவோ போதுமான மாவுச்சத்து உண்டால் ஒரு நாளில் பெரும்பாலும் திரும்பிவிடும். ஹேண்டில்பாரை இறுகப் பிடித்து ஓய்ந்த முன்கைக்கு அப்படிச் சுலபமான மருந்து கிடையாது. வலிக்கும் கை பிரேக்கை அளவாகப் பிடிக்காது. வீணாகும் ஜூல்கள் இன்னும் கூடும். இப்போது பதினாறு வயதுப் பிள்ளைகளின் வண்டிகளிலும் திறன்மானி வந்துவிட்டது. பயிற்சியாளர்கள் வாட் எண்ணிக்கையைப் பார்த்தே பாராட்டுகிறார்கள், திட்டுகிறார்கள். அதே பிள்ளையை ஒரே இறக்கத்தில் பத்து முறை இறங்க விட்டு, பிரேக் பிடித்த இடங்களைக் குறித்து, அடுத்த வாரம் அவற்றில் இரண்டைக் குறைக்கச் சொல்லிப் பாருங்கள். மேட்டில் ஓடும் கடிகாரத்திலேயே அதன் பலன் தெரியும்.