விலகினால் திருத்து

சந்தவாசலில் வீட்டு மாடியில் நின்று வடக்கே பார்த்தால், துருவ நட்சத்திரம் அடிவானத்தை ஒட்டித் தாழ்ந்தே தெரியும். ஏறக்குறைய 12, 13 பாகை உயரம்தான். சவ்வாது மலைக்கு அந்தப் பக்கம், ஆலங்காயத்தை அடுத்த காவலூரிலும் இதே நிலைதான். இந்தச் சிறு கோணம் அங்குள்ள வானாய்வுக்கூடத்துப் பொறியாளர்களுக்குப் பெரிய வேலை வைத்தது.

பூமி ஒரு முறை தன்னைச் சுற்ற 23 மணி 56 நிமிடம் 4 விநாடி ஆகிறது. அதனால் வானம் விநாடிக்கு 15 விகலை நகர்கிறது. மங்கலான ஒரு நட்சத்திரத்தைப் படமெடுக்கத் தொலைநோக்கியும் அதே வேகத்தில் கூடவே திரும்ப வேண்டும். அதன் அச்சு துருவத்தை நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். லண்டனில் அந்த அச்சு நன்றாக நிமிர்ந்து நிற்கும். காவலூரில் தரையோடு படுத்துவிடுகிறது. 1986 ஜனவரி 6 அன்று திறக்கப்பட்ட 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கிக்கு, அச்சின் வட முனையில் குதிரை லாட வடிவத்தில் பெரிய சட்டம் அமைத்தது இந்தத் தாழ்ந்த அச்சுக்கு ஏற்றபடிதான்.

மோட்டாரைச் சரியான வேகத்தில் சுழலவிட்டால் போதாதா என்று தோன்றலாம். போதாது. பல்சக்கரங்களில் நுண்ணிய குறைகள் இருக்கும். கருவி சாயச் சாய அதன் உடல் வளையும். அடிவானத்துக்கு அருகே காற்று ஒளியை வளைத்துவிடும். அதனால் அந்தக் காலத்துப் பார்வையாளர் குளிரில் கண்ணருகே ஒரு குறுக்குக்கம்பி வில்லையை வைத்துக்கொண்டு, நட்சத்திரம் கம்பியை விட்டு இம்மி நகர்ந்தாலும் பொத்தானை அழுத்தித் திருப்பிக் கொண்டுவருவார். மணிக்கணக்கில் இதே வேலை. சர்வோ அமைப்பு இதைத்தான் மின்சாரத்தின் கையில் ஒப்படைத்தது. கருவி இப்போது எங்கே நிற்கிறது, எங்கே நிற்க வேண்டும், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எவ்வளவு என்று அளந்து, அந்த வித்தியாசத்தையே மோட்டாருக்குக் கட்டளையாக அனுப்புவது. பின்னூட்டம் என்று பாடப்புத்தகங்கள் சொல்வது இதுதான். திருத்தம் அளவுக்கு மீறினால் கருவி மறுபக்கம் ஓடும், அதைத் திருத்தப் போய் இந்தப் பக்கம் ஓடும், கடைசியில் நிற்காமல் ஆடத் தொடங்கும். எந்த அளவில் அந்த ஆட்டம் தொடங்கும் என்பதைக் கணக்கிடும் வழியை 1932-இல் ஹாரி நைக்விஸ்ட் காட்டினார். வைணு பாப்பு தொலைநோக்கிக்கான கட்டுப்பாட்டு மின்னணுவியலைச் செய்து கொடுத்தது பாபா அணு ஆராய்ச்சி மையம்.

1977 மார்ச் 10-ஆம் தேதி இரவை இங்கே சொல்லியாக வேண்டும். யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைக்கப் போகிறது என்று கணித்திருந்தார்கள். காவலூரில் 1972-இல் நிறுவப்பட்ட, ஜெர்மனியின் ஜீஸ் நிறுவனம் செய்த 1 மீட்டர் தொலைநோக்கி அதைக் குறிவைத்துக் காத்திருந்தது. இந்தியப் பெருங்கடலுக்கு மேலே பறந்த ஒரு விமானத்திலும் 91 சென்டிமீட்டர் தொலைநோக்கி ஒன்று இருந்தது. கிரகம் நெருங்கும் முன்பே நட்சத்திர ஒளி சட்டென்று குறைந்து மீண்டது, இரண்டு இடத்திலும். காவலூர்க்காரர்கள் முதலில் புதிய துணைக்கோள் என்று எண்ணினார்கள். விமானத்துப் பதிவுகள் அவை வளையங்கள் என்று காட்டின.

மலையிலுள்ள கருவிக்குக் காலடியில் பாறை இருந்தது. குலுங்கும் விமானத்துக்குள் இருந்த தொலைநோக்கி எப்படி ஒரு புள்ளியைப் பிடித்து நின்றது? காற்றுப் படலத்தின் மேல் மிதக்கும் தாங்கியும், திசை மாறாமல் சுழலும் கைரோஸ்கோப்புகளும் அதைப் பிடித்திருந்தன. இந்த வித்தையை வளர்த்தது வானியல் அல்ல, விமானம்தான். 1914 ஜூனில் பாரிசுக்கு அருகே, செய்ன் நதிக்கு மேலே, லாரன்ஸ் ஸ்பெர்ரி தன் விமானத்தின் பிடியிலிருந்து கையை எடுத்துவிட்டு உயர்த்திக் காட்டினார். அவருடைய மெக்கானிக் இறக்கையின் மேல் நடந்தார். விமானம் சாயவில்லை. கைரோஸ்கோப்புகள் சாய்வை அறிந்து உடனுக்குடன் திருத்திக்கொண்டிருந்தன. 1953 பிப்ரவரியில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் விமானத் துறைத் தலைவராக இருந்த சார்ல்ஸ் ஸ்டார்க் டிரேப்பர் இன்னும் மேலே போனார். பாஸ்டன் பக்கத்திலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் வரை, வெளியிலிருந்து ஒரு குறிப்பும் பெறாமல், தன் அசைவைத் தானே அளந்து வழி கண்டது அவர் குழுவின் கருவி. அதன் எடை ஒரு டன்னுக்கும் மேல்.

விமானம் கற்பிக்கும் இடத்தில் கட்டுப்பாட்டுப் பொறியியலும் வளரும். இங்கிலாந்தில் கிரான்ஃபீல்டு விமானக் கல்லூரி 1946-இல் தொடங்கியது. மூன்றே வருடத்தில், 1949-இல், குரோம்பேட்டையில் சி. ராஜம் தன் வீட்டை விற்றுத் தொடங்கிய சென்னைத் தொழில்நுட்பக் கழகமும் விமானப் பொறியியலைக் கற்பித்தது. விமானம், ஆட்டோமொபைல், எலெக்ட்ரானிக்ஸ், கருவித் தொழில்நுட்பம் என்று நான்கே பாடப்பிரிவுகள். அறிவியல் பட்டம் பெற்றவர்களுக்கு மூன்றாண்டுப் படிப்பு. அந்தக் கல்லூரி என்றதும் நாம் அப்துல் கலாமைச் சொல்கிறோம், எலெக்ட்ரானிக்ஸ் படித்த சுஜாதாவைச் சொல்கிறோம். இருவரையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் சிவில் இன்ஜினியரிங்கையும் மெக்கானிக்கலையும் விட்டுவிட்டு, கருவித் தொழில்நுட்பத்தை விமானத்துக்குப் பக்கத்தில் உட்கார வைத்த அந்த முடிவைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். அப்போது இந்தியாவில் அதற்கு வேலை தரும் தொழிற்சாலைகளே அபூர்வம்.

அந்தக் கல்லூரியின் வரலாறு பதவிகளையும் விருதுகளையும் வைத்து எழுதப்படக்கூடாது. ஆய்வக ரெக்கார்டு நோட்டுகள், இறுதியாண்டு புராஜெக்ட் அறிக்கைகள், கையால் வரைந்த சர்க்யூட் படங்கள், எந்த மோட்டாரில் என்ன அளவு எடுத்தார்கள் என்ற அட்டவணைகள், இவற்றை வைத்துத்தான் எழுத வேண்டும். முதல் பத்தாண்டில் அங்கே படித்தவர்களில் இளையவர்களுக்கே இப்போது எண்பத்தைந்து வயது ஆகியிருக்கும். உங்கள் வீட்டுப் பரணில் அப்படி ஒரு நோட்டு இருந்தால், தயவுசெய்து பழைய பேப்பர்க்காரரிடம் போட்டுவிடாதீர்கள். பெரியவர் நல்ல நினைவோடு இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு படத்தையும் காட்டி, இது என்ன, எதற்காகச் செய்தீர்கள், ஓடியதா என்று கேட்டு எழுதி வையுங்கள்.

(தொடரும்)