பந்தைக் காக்கும் வட்டம்

பந்து தம் வசம் இருக்கும்வரை எதிரணியால் கோல் அடிக்க இயலாது. ஆகவே, பந்தைப் பறிகொடாமல் தோழருக்குக் கடத்தும் திறன் கால்பந்தாட்டத்தில் இன்றியமையாதது. அத்திறனை வளர்க்கும் பயிற்சிகளுள் ஒன்று 'ரோண்டோ'.

ஐவர் வட்டமாக நிற்பர். இருவர் நடுவில் நின்று பந்தைப் பறிக்க முயல்வர். பந்தைப் பறிகொடுத்தவர் நடுவிற்குச் செல்வார். பெரும்பாலும் ஒரே தொடுதலில் பந்தைக் கடத்த வேண்டியிருப்பதால், பந்து வந்தபின் சிந்திக்க நேரம் இராது. அது வருமுன்பே கண்கள் தோழரைத் தேடிக்கொள்ளுதல் வேண்டும்.

1988 முதல் 1996 வரை பார்சிலோனா அணியின் பயிற்சியாளராக விளங்கிய யோகான் கிரைஃப் இப்பயிற்சிக்கு முதன்மை அளித்தார். அக்கழகத்தின் பயிற்சிப் பள்ளியில் வளர்ந்த சாவியும் இனியெஸ்டாவும் உயரமானவர் அல்லர். எனினும், விரைந்த சிந்தனையாலும் துல்லியமான கடத்தலாலும் 2010ஆம் ஆண்டு ஸ்பெயின் உலகக் கோப்பையை வெல்லத் துணைநின்றனர்.

வினா: பந்து வருமுன்பே தோழரைத் தேடுவது ஏன்?