முற்றத்துக்கு ஒரு நெட்டிலிங்கம்

பரந்தனிலிருந்து முல்லைத்தீவு செல்லும் வீதியில் அமைந்துள்ளது உடையார்கட்டு. குளமும் வயலும் சூழ்ந்த இவ்வூரின் வீடுகளையும் மரங்களையும் 2009 ஆம் ஆண்டுப் போர் ஒருங்கே அழித்தது. வீட்டுச் சுவர் சில மாதங்களில் எழும். மரத்துக்கோ ஆண்டுகள் பல வேண்டும். ஆதலின், எம்மரத்தை எங்கே நடுவது என்பதை நாம் ஆய்ந்தே முடிவு செய்தல் வேண்டும்.

மேனாட்டுப் பூங்காக்களில் கிளைகளைத் தரைநோக்கித் தொங்கவிட்டு நிற்கும் வில்லோ மரம் பார்ப்போர் கண்ணை முதலிற் கவரும். அது வன்னியின் வறண்ட கோடைக்கு ஏற்றதன்று. எனினும், அவ்வழகை நமக்குத் தர நெட்டிலிங்கம் இருக்கிறது. தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரிய இம்மரம் அன்னமுன்னாக் குடும்பத்தைச் சேர்ந்தது. நெளிந்த ஓரமுடைய நீண்ட இலைகள் தாழ்ந்து தொங்க, பசுந்தூண்போல் நிமிர்ந்து நிற்கும். பலர் இதனை அசோகு என்பர். செம்மஞ்சட் பூப்பூக்கும் உண்மையான அசோகு அவரைக் குடும்பத்து வேறு மரமாகும்.

கிளைகள் தண்டையொட்டித் தாழும் தாய்மரத்தின் பழுத்த கனிகளைத் தேர்ந்து, சதை நீக்கி, விதைகளைக் காயவிடாது உடனே ஊன்றுக. நாற்றை ஐப்பசி மழை தொடங்கியதும் நடுதல் நன்று. படலையைத் திறந்தவுடன் பார்வை சென்று தங்கும் இடத்தில், சுவருக்கும் கிணற்றுக்கும் விலகி, ஒன்றை மட்டும் நடுக. பல மரங்களை நெருங்க நட்டால் அவை மறைப்பாகுமேயன்றித் தனியழகு தோன்றாது. முதலிரு கோடைகளிலும் நீரூற்றி, அடியிற் பொச்சுமட்டை பரப்பி, கட்டாக்காலி மாடுகள் அணுகாது வேலியிடுக. நுனியை ஒருபோதும் வெட்டலாகாது. வெட்டினால் நேர்த்தண்டு குலைந்து பல கிளைகளாகப் பிரிந்துவிடும்.

ஒன்றை மறைத்தல் தகாது: இம்மரம் இருந்து இளைப்பாறும் நிழலைத் தருவதில்லை. கிணற்று நீர் ஒரு மரத்துக்கே போதுமாயின், முதலில் வேம்பை நடுக. இரண்டுக்கும் நீருண்டெனின் நெட்டிலிங்கத்தையும் சேர்த்துக்கொள்க. அதன் கனியை நாடிக் குயிலும் வௌவாலும் வரும். தளிரில் வண்ணத்துப்பூச்சி முட்டையிடும். விழாநாளில் அதன் இலை தோரணமாகும். மாணவர்கள் ஆண்டுதோறும் அதன் உயரத்தை அளந்து குறித்து வரலாம். தம் உயரத்தையும் அருகே குறித்துக்கொண்டால், மரம் தம்மை முந்திய ஆண்டு எதுவென்பது தெரியவரும்.