முட்டுக்கட்டை எடுத்ததிலிருந்து நாலேகால் மணி

அக்டோபர் கடைசி ஞாயிறன்று விமானங்களின் குளிர்கால அட்டவணை தொடங்குகிறது. ஏற்கெனவே டிக்கெட் எடுத்தவர்களுக்கும் நேரம் மாறலாம். கடலூர், சிதம்பரம் வாசகர்களின் கடிதங்களில் திரும்பத் திரும்ப வரும் கேள்வி ஒன்றுதான்: சென்னை–சிங்கப்பூர் டிக்கெட்டில் நாலேகால் மணி நேரம் போட்டிருக்கிறது, விமானத்தில் ஏறினால் மூன்றே முக்கால் என்று அறிவிக்கிறார்கள். எதை நம்புவது?

இரண்டும் சரி. அளக்கும் இடம்தான் வேறு.

நிற்கும் விமானத்தின் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைத்திருப்பார்கள். புறப்படும் முன் தரைப் பணியாளர் குனிந்து அதை உருவி எடுப்பார். விமானம் நகரும் அந்த நிமிடம் தொடங்கி, சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் வந்து நின்று மறுபடி முட்டுக்கொடுக்கும் வரை உள்ளதே டிக்கெட் நேரம். ‘பிளாக் டைம்’ என்ற பெயரே அந்தக் கட்டையிலிருந்து வந்ததுதான். ஓடுபாதை வரை ஊர்வது, வரிசையில் காத்திருப்பது, இறங்க இடமில்லாமல் வானில் வட்டமடிப்பது எல்லாம் அதில் அடக்கம். வான்வழித் தூரம் சுமார் 2,900 கி.மீ. மணிக்கு 830 கி.மீ. வேகத்தில் மூன்றரை மணி நேரம்; ஏறி இறங்க இன்னும் கொஞ்சம்.

மிச்ச நிமிடங்கள்தான் உறுத்துகின்றன. தாமதத்தை விழுங்கிக்கொள்ள நிறுவனங்கள் அட்டவணையிலேயே கொஞ்சம் நேரத்தைக் கூட்டி வைக்கின்றன. அதற்கு மேல், 15 நிமிடத்துக்குள் பிந்தினாலும் ‘சரியான நேரம்’ என்பது விமானத் துறையின் வழக்கமான கணக்கு. சென்னையில் அரை மணி பிந்திக் கிளம்பிய விமானமும் சிங்கப்பூரில் நேரத்துக்கு வந்ததாகப் பதிவாகிவிடலாம். காற்று மாறுவதால் ஓரளவு இடைவெளி தேவைதான். ஜூன் முதல் செப்டம்பர் வரை நம் தலைக்கு மேல், வெகு உயரத்தில், கிழக்கிலிருந்து கடுங்காற்று வீசும். போகும்போது எதிர்க்காற்று, திரும்பும்போது துணைக்காற்று. ஆனால் காற்றுக்கு எத்தனை நிமிடம், கணக்கு அழகாகத் தெரிய எத்தனை நிமிடம் என்று பிரித்துச் சொல்லாத வரை, நேரந்தவறாமை விழுக்காட்டை நான் அப்படியே ஏற்கமாட்டேன்.

மற்ற கேள்விகள்:

திருச்சியிலிருந்து போனால்? வானில் தூரம் 60 கி.மீ. போலக் கூடும், சிதம்பரத்துக்காரர்களுக்குச் சாலைத் தூரம் குறையும்.

புதுச்சேரியிலிருந்து? வெளிநாட்டு விமானம் இல்லை.

முன்பு சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு ஓடிய எம்.வி. சிதம்பரம் கப்பல் எத்தனை நாளில் போனது? ஏறக்குறைய ஒரு வாரம். 1985 தீ விபத்தோடு அந்தக் கப்பலின் ஓட்டம் நின்றது.

சிதம்பரத்திலிருந்து சென்னை விமான நிலையத்துக்குப் பேருந்தில் ஐந்து மணி நேரம் ஆகும். வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் இன்னும் கூடும். டிக்கெட்டில் உள்ள புறப்பாட்டு நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே கவுண்ட்டரை மூடிவிடுவார்கள். அக்டோபர் கடைசி ஞாயிறன்றோ அதன் பிறகோ பயணம் என்றால், இன்றே நேரத்தை இன்னொரு முறை சரிபார்த்துவிடுங்கள்.