பொம்மைப் படையில் போலந்து வீரர்

சதுரங்கம் என்னும் சொல்லுக்கு நால்வகைப் படை என்பதே பொருள். யானை, தேர், குதிரை, காலாள் என்னும் நான்கு உறுப்புகளையும் 64 கட்டங்களில் நிறுத்தி ஆடிய நம் நாட்டு ஆட்டம், பாரசீகத்தின் வழியே மேல்நாடுகளுக்குச் சென்றது. ஜெர்மனியைச் சேர்ந்த பிரன்ஸ்விக் நகரில் 1780-ஆம் ஆண்டு ஹெல்விக் என்னும் ஆசிரியர் அக்கட்டங்களை ஆயிரத்துக்கும் மேலாகப் பெருக்கி, ஆறும் மலையும் சதுப்பு நிலமும் இன்னின்ன நிறம் என்று பலகையிலேயே குறித்து, புதியதொரு போர் விளையாட்டை அமைத்தார். 1824-இல் பிரஷ்ய நாட்டு இராணுவ அதிகாரி ரைஸ்விட்ஸ் என்பவர் பலகையை நீக்கிவிட்டு உண்மையான நிலப்படத்தையே விரித்து, பகடைக் காயையும் நடுவரையும் வைத்து, இளம் அதிகாரிகளுக்குப் போர்க்கலை பயிற்றும் கருவியாக அதை ஆக்கினார். ஆங்கில நாவலாசிரியர் எச். ஜி. வெல்ஸ் 1913-இல் வெளியிட்ட சிறு நூல் ஒன்று, அதே ஆட்டத்தை வீட்டுக் கூடத்தின் தரைக்கு இறக்கிவிட்டது. இவ்வாறு, நாம் அனுப்பிய சதுரங்கம் உருமாறி, வண்ணம் தீட்டிய உலோகச் சிப்பாய்களோடு மீண்டும் நம் ஊர்களுக்கே வந்திருக்கிறது. டில்லியிலும் பம்பாயிலும் பெங்களூரிலும் இதில் ஈடுபாடு கொண்டோர் சிலர் உண்டு.

நவராத்திரிக் கொலுவின் கீழே பூங்காவும் தெப்பக்குளமும் கல்யாண ஊர்வலமும் அமைத்துப் பழகிய குடும்பத்தினருக்கு இந்தக் கலையை விளக்குவது எளிது. ஆறடி நீளமும் நான்கடி அகலமுமான மேசை. அதன்மேல் பச்சைத் துணி. அட்டையில் செய்த குன்றும் வீடும். அவற்றினிடையே அணிவகுத்து நிற்கும், விரல் நீளம்கூட இல்லாத வீரர்கள். ஒரு பொம்மை 20 அல்லது 30 மெய்யான வீரர்களுக்கு ஈடு. 24 பொம்மைகள் சேர்ந்தால் ஒரு காலாட்படைப் பிரிவு. எவ்வளவு தொலைவு நகரலாம் என்பதை அளவுகோலும், சுட்டால் எத்தனை பேர் வீழ்வர் என்பதைப் பகடையும் தீர்மானிக்கும்.

எந்தக் காலத்துப் படையை வேண்டுமானாலும் சேர்க்கலாம். எனினும் இக்கலையில் ஈடுபட்டோருள் மிகப் பலர் நாடுவது நெப்போலியன் காலத்தையே. காரணம் எளியது. அக்காலத்தில் துப்பாக்கி மருந்தின் புகை களத்தையே மூடிவிடும். அப்புகையினிடையே தம்மவர் யார், மாற்றார் யார் என்று அறிவதற்கு உடையின் நிறம் உதவியது. எனவே ஒவ்வோர் அரசும் தன் வீரனை மயிலைப்போல் அலங்கரித்தது. அந்த அலங்காரத்திலும் தனித்து நிற்பவர் போலந்து வீரர். நாம் அவர்களைத் தேர்ந்தெடுத்ததற்கு அவர்களுடைய உடையழகு முதற் காரணம் என்பதை மறைப்பானேன்? அவர்களுடைய வரலாறு பின்னரே நம்மைப் பிணித்தது.

1772, 1793, 1795 ஆகிய மூன்று ஆண்டுகளில் ருஷ்யாவும் பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் போலந்தைத் துண்டு துண்டாகப் பங்கிட்டுக் கொண்டன. மூன்றாம் பங்கீட்டுக்குப் பின் உலகப் படத்தில் போலந்து என்னும் பெயரே இல்லை. நாடு போயிற்று, வீரர்கள் எஞ்சினர். 1797-இல் தம்ப்ரோவ்ஸ்கி என்னும் தளபதி இத்தாலியில் பிரெஞ்சுக்காரரின் ஆதரவோடு போலிஷ் படையணிகளைத் திரட்டினார். அவ்வணிகளுக்காக அதே ஆண்டில் வீபிட்ஸ்கி எழுதிய பாடலே இன்று போலந்தின் நாட்டுப்பண். நெப்போலியனுக்காக இரத்தம் சிந்தினால் அவர் தம் நாட்டை மீட்டுத் தருவார் என்பது அவர்களுடைய நம்பிக்கை. அந்த நம்பிக்கையில் ஒரு பாதி 1807-இல் பலித்தது. டில்சித் உடன்படிக்கையின்படி வார்சா சிற்றரசு தோன்றியது. ஆனால் அதற்குப் போலந்து என்ற பெயர் இல்லை; அதன் தலைவராக அமர்ந்தவரோ சாக்ஸனி நாட்டு மன்னர்.

அந்தச் சிற்றரசின் காலாள் வீரனைத்தான் புதிதாகத் தொடங்குவோர் முதலில் வாங்க வேண்டும். தலையில் சாப்கா என்னும் நான்முனைத் தொப்பி. அதன் உச்சி, சதுரப் பலகை ஒன்றைத் தலையில் கவிழ்த்தாற்போல் இருக்கும். கருநீலக் குட்டைச் சட்டை. மார்பில் வெள்ளை மடிப்பு. கழுத்திலும் மணிக்கட்டிலும் செந்நிறப் பட்டை. கிரனேடியர் எனப்படும் தேர்ந்த வீரர்கள் பலர் கரடித்தோல் தொப்பி அணிந்தனர். கொடிக்கம்பத்தின் உச்சியில் வெள்ளிக் கழுகு அமர்ந்திருக்கும். எல்லாப் பிரிவுகளும் இதே உடையினர் என்று எண்ணிவிட வேண்டாம். 1809-இல் ஸாமோஷ்ச் கோட்டை வீழ்ந்தபோது ஆஸ்திரியரின் துணிக்கிடங்கு போலிஷ்காரர் கையில் சிக்கியது. துணி வெள்ளை, அதை வீணாக்குவானேன் என்று 13-ஆம் காலாட்படைக்கு வெள்ளைச் சட்டையே தைத்துவிட்டனர்! கருநீல வரிசையினிடையே இந்த வெள்ளைப் பிரிவு ஒன்றை நிறுத்திப் பாருங்கள். மேசைக்கே தனிக் களை வந்துவிடும்.

இனி வண்ணத்துக்கு வருவோம். பொம்மைகள் வெள்ளீயக் கலவையாலோ பிளாஸ்டிக்காலோ ஆனவை. பாதத்திலிருந்து கண்வரை 28 மில்லிமீட்டர் என்பது பெரிதும் வழங்கும் அளவு. 15 மில்லிமீட்டர் அளவும், அதனினும் சிறியனவும் உண்டு. அச்சின் இரு பாதிகள் கூடிய இடத்தில் மெல்லிய கோடு ஒன்று புடைத்திருக்கும். அதை அரத்தால் தேய்த்துவிட்டு, சோப்பு நீரில் கழுவி உலர்த்த வேண்டும். எண்ணெய்ப் பசை இருந்தால் வண்ணம் ஒட்டாது. பழைய உலோகப் பொம்மைகளில் ஈயம் கலந்திருக்கும். அவற்றைத் தேய்த்தபின் கையைக் கழுவாமல் உணவைத் தொடலாகாது. குழந்தைகள் எடுக்கும் இடத்தில் வைக்கவும் கூடாது. பிறகு அடிப்பூச்சு. அதன்மேல் நிறங்கள், அவற்றுக்குப் பின் மடிப்புகளில் நிழல், மேடுகளில் வெளிச்சம், இறுதியில் வார்னிஷ்.

கருநீலத்தைக் கருநீலமாகவே தீட்டுவது தொடக்கக்காரர் செய்யும் பிழை. ஓராள் உயரத் துணியில் நீலமாகத் தெரியும் நிறம், கட்டைவிரல் அளவு உருவில் கறுப்பாகவே தெரியும். ஆகவே கலவையில் சிறிது வெளிறிய நீலம் சேர்க்க வேண்டும். வெள்ளையும் அப்படியே. முதலில் இளஞ்சாம்பல் பூசி, மடிப்புகளில் அதை விட்டுவிட்டு, மேடுகளில் மட்டும் வெள்ளையைத் தொட்டால்தான் துணி துணியாகத் தோன்றும். இல்லையேல் சுண்ணாம்பு அடித்த சுவர்தான்.

எல்லாவற்றிலும் கடினமானது அந்தச் செந்நிறம். போலிஷ் மொழியில் அதற்குக் கர்மஸின் என்று பெயர். அது மிளகாய்ச் சிவப்பன்று; சிறிது நீலம் ஓடிய, பழுத்த மாதுளையின் சிவப்பு. இந்நிறத்துக்கு ஒரு வரலாறு உண்டு. போலந்தின் மணற்பாங்கான நிலங்களில் ஒரு சிறு பூண்டின் வேரில் ஒட்டி வாழும் பூச்சியை ஜூன் மாதத்தில் தோண்டி எடுத்து, உலர்த்தி, பொடித்துச் சாயம் காய்ச்சினர். நம் நாட்டில் அரக்குப் பூச்சியிலிருந்து சிவப்புச் சாயம் எடுத்தது போன்றதே இதுவும். ஜூன் மாதத்துக்குப் போலிஷ் மொழியில் வழங்கும் பெயரே அப்பூச்சியின் பெயரிலிருந்து வந்ததுதான். விலை மிகுந்த அச்சாயம் பிரபுக்களின் உடைக்கு உரியதாக இருந்தது. பிற்காலத்தில் அமெரிக்காவிலிருந்து வந்த சாயப்பூச்சி அந்த வாணிகத்தை அழித்தது. நிறம் மட்டும் நாட்டின் அடையாளமாக நிலைத்துவிட்டது. நாடே இல்லாதவன் அந்நிறத்தைக் கழுத்துப்பட்டையில் அணிந்தான் என்பதை நினைவில் கொண்டு தீட்டினால், தூரிகை தானே நிதானம் பெறும். சிவப்போடு ஒரு துளி ஊதா கலந்து தீட்டுவது நம் வழக்கம்.

குதிரைவீரரைப் பற்றிக் கூறும்போது நம் பிழை ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 1808 நவம்பர் 30-ஆம் நாள், ஸ்பெயினில் மாட்ரிட் நகருக்கு வடக்கே ஸோமோஸியேரா என்னும் கணவாயில் ஸ்பானியர் 16 பீரங்கிகளை நிறுத்தி வழியை மறித்திருந்தனர். நெப்போலியனின் மெய்க்காவற் படையைச் சேர்ந்த போலிஷ் இலகு குதிரைவீரர் சுமார் 125 பேர், கோஜியெதுல்ஸ்கி என்பவரின் தலைமையில் ஒடுங்கிய மலைப்பாதையில் பீரங்கிகளின் வாய்க்கு நேரே பாய்ந்து சென்றனர். சில நிமிடங்களில் வழி திறந்தது. சென்றவருள் ஏறத்தாழப் பாதிப்பேர் மாண்டனர் அல்லது காயமுற்றனர். இக்காட்சியை அமைக்க விரும்பி நாம் 12 குதிரைவீரரை வாங்கி, ஒவ்வொருவர் கையிலும் ஈட்டி கொடுத்து, சிறு கொடியும் ஒட்டி மகிழ்ந்தோம். நண்பர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, “ஈட்டி எங்கிருந்து வந்தது?” என்று கேட்டார். அவர் கேட்டது முற்றிலும் சரி. அப்படைக்கு ஈட்டி வழங்கியது 1809-க்குப் பின்னரே. ஸோமோஸியேராவில் அவர்கள் வாளோடுதான் பாய்ந்தனர். புகழ் பெற்ற பின்னாளைய உருவம் முன்னாளையதை விழுங்கிவிட்டது. பன்னிரண்டு ஈட்டிகளையும் வெட்டி எடுத்தோம். இரண்டு வீரருடைய கையும் அவற்றோடு போயிற்று.

நூல்களைப் பாராமல் வாங்கினால் இப்படித்தான் ஆகும். போலிஷ் சீருடைகளைப் பற்றி ஆராய்ந்தோருள் கெம்பாஷெவ்ஸ்கி தலையாயவர். தாமே ஓவியராகவும் படைவீரராகவும் இருந்து, பின்னர் வார்சாவில் 1920-இல் நிறுவப்பட்ட இராணுவக் காட்சிச்சாலையின் தலைவரானவர். அவருடைய வண்ணப்படங்களே இன்றும் பொம்மை வார்ப்போருக்கு வழிகாட்டி.

காலாட்படை கொண்டு ஆடுவதற்கு ரஷீன் போரைப்போல் பொருத்தமானது வேறில்லை. 1809 ஏப்ரல் 19-ஆம் நாள் ஆஸ்திரியப் படை வார்சாவை நோக்கி வந்தது. இளவரசர் ஜோசப் போனியதோவ்ஸ்கியிடம் இருந்த படை அதில் ஏறத்தாழப் பாதிதான். முன்னே சதுப்பு நிலம். அதைக் கடக்கச் சில கரைவழிகளே உண்டு. அவ்வழிகளின் முனையில் நின்று பகைவரைத் தடுத்தனர். மேசைமேல் இதை ஆடும்போது, படை சிறியதாயினும் நிலத்தின் துணை என்ன செய்யும் என்பது கண்கூடாகத் தெரியும். போனியதோவ்ஸ்கி பின்னர்த் தலைநகரை விட்டு விலகினார். ஆனால் தெற்கே திரும்பி, ஆஸ்திரியர் வசமிருந்த கலீசியாவுக்குள் புகுந்து, இழந்ததை விட மிகுதியாகவே கைப்பற்றினார். அந்த நாளில் ரஷீனில் வீழ்ந்தோருள் கோதெப்ஸ்கி என்னும் படைத்தலைவரும் ஒருவர். அவர் கவிஞர், இத்தாலியிலிருந்தே படையணியோடு நடந்து வந்தவர். நம் பொம்மைகளுள் அவருக்கென்று ஒன்று உண்டு. ஆட்டத்தில் பகடை என்ன சொன்னாலும் அதை நாம் களத்திலிருந்து எடுப்பதில்லை. விதிக்கு இது மாறானது என்று எதிராளி முறையிடுவது வழக்கம்.

விதிநூல்கள் பலவற்றில் போலிஷ் வீரருக்குத் துணிவுக்காக மிகுதி எண் தருகின்றனர். இதை நாம் முழுவதும் ஏற்பதற்கில்லை. மெய்க்காவற் படைக்கும், ஸ்பெயினில் பல்லாண்டு போராடிய விஸ்துலா படையணிக்கும் அது தகும். மஞ்சள் மடிப்பு வைத்த கருநீல உடையணிந்த விஸ்துலா ஈட்டிவீரர் 1811 மே 16-இல் அல்புவேராவில் ஓர் ஆங்கிலப் படைப்பிரிவையே சிதைத்தனர். ஆனால் 1812-இல் அவசரமாகத் திரட்டப்பட்டு ருஷ்யாவுக்கு நடத்திச் செல்லப்பட்ட உழவர் மக்களுக்கும் அதே எண்ணைத் தருவது, அவர்கள் பட்ட பசியையும் பனியையும் மறப்பதாகும்.

இக்கதையில் எளிதில் பெருமை கொள்ள முடியாத பகுதியும் உண்டு. 1802, 1803 ஆகிய ஆண்டுகளில் போலிஷ் வீரர் ஐயாயிரம் பேருக்கு மேல் கடல் கடந்து ஸான் தொமிங்கு தீவுக்கு அனுப்பப்பட்டனர். தம் விடுதலைக்காகப் போராடிய அடிமைகளை அடக்குவதே அவர்களுக்கு இட்ட பணி. தம் நாட்டு விடுதலைக்காகப் படையில் சேர்ந்தவர்கள், பிறர் விடுதலையைப் பறிக்க ஏவப்பட்டனர். பெரும்பாலோர் மஞ்சள் காய்ச்சலில் மடிந்தனர். சிலர் எதிர்ப்பக்கம் சேர்ந்தனர். சில நூறு பேர் அங்கேயே தங்கிவிட்டனர். ஹைதி நாடு 1805-இல் இயற்றிய அரசியல் சட்டம், வெள்ளையர் நிலம் வைத்திருக்கலாகாது என்று விலக்கியபோதும், போலிஷ்காரருக்கு ஜெர்மானியரோடு சேர்த்து விலக்களித்தது. இந்தப் படையணியைப் பொம்மையாகச் சேர்ப்போர் குறைவு. நம்மிடம் ஆறு இருக்கின்றன. அவற்றுக்கு எதிரே நிறுத்த ஹைதி வீரரையும் தீட்டியபின்தான் மேசைக்குக் கொண்டுவருவது என்று வைத்திருக்கிறோம்.

போனியதோவ்ஸ்கியின் முடிவு பலரும் அறிந்தது. 1813 அக்டோபரில் லைப்ஸிக் போரின்போது நெப்போலியன் அவரைப் பிரான்சின் மார்ஷலாக உயர்த்தினார். மூன்றே நாளில், பின்வாங்கும் படையைக் காத்து நின்று, காயத்தோடு எல்ஸ்டர் ஆற்றில் குதிரையை இறக்கி மூழ்கினார். 1815-இல் வார்சா சிற்றரசும் மறைந்தது. ஆனால் சாப்காவும் ஈட்டியும் ஐரோப்பா எங்கும் பரவின. ஆங்கிலேயர் 1816-இல் தம் குதிரைப்படை சிலவற்றை அம்முறையில் மாற்றியமைத்தனர். அவ்வாறு மாறிய 16-ஆம் ஈட்டிப்படை 1846 ஜனவரியில் பஞ்சாபில் அலிவால் களத்தில் சீக்கியரை எதிர்த்தது. லூதியானாப் பக்கம் வாழும் நம்மவர் அந்த ஊரைக் கண்டிருக்கலாம். குஜராத்திலும் மகாராஷ்டிரத்திலும் உள்ளோருக்கு வேறொரு தொடர்பு நினைவுக்கு வரும்: இரண்டாம் உலகப் போரில் வீடிழந்த போலிஷ் குழந்தைகளுக்கு 1942-இல் நவநகர் ஜாம் சாகிப், ஜாம்நகரை அடுத்த பாலாசடியில் இடமளித்தார், கோலாப்பூர் அருகே வளிவடேயிலும் போலிஷ் அகதிகள் பல ஆண்டு வாழ்ந்தனர்.

பொம்மைகள் வேண்டுவோர் பெரும்பாலும் அஞ்சல் மூலம் வரவழைக்க நேரும். சுங்கவரியையும் கணக்கில் வைத்துக்கொள்க. தொடக்கத்திற்கு 1/72 அளவுப் பிளாஸ்டிக் பெட்டி ஒன்று போதும், விலையும் குறைவு. பொம்மையோடு வரும் ஈட்டி வளைந்துவிடும். அதை நீக்கி, தையல் ஊசியையோ பித்தளைக் கம்பியையோ பொருத்துவது நலம். நுனி கூராக இருக்கும். சிறுவர் உள்ள வீடாயின் சற்றுத் தேய்த்து மழுக்குக. சிறு கொடியைக் காகிதத்தில் வெட்டி மடித்து ஒட்டும்போது, மெய்க்காவற் படைக்கு மேலே செந்நிறமும் கீழே வெள்ளையும் வர வேண்டும். இன்றைய போலந்துக் கொடியில் வெள்ளை மேலே இருப்பதைப் பார்த்துத் தலைகீழாக ஒட்டிவிடுவோர் பலர். பசை உலருமுன் கொடியைச் சிறிது வளைத்துவிட்டால் காற்றில் பறப்பதுபோல் நிற்கும்.