‘பாஸ் அப்’: கொடுத்தோமா, விட்டோமா?

சிங்கப்பூரில் பள்ளிக்குச் சென்ற எவருக்கும் ‘பாஸ் அப்’ என்ற ஆங்கிலச் சொற்றொடரை விளக்கத் தேவையில்லை. “பாஸ் அப் யுவர் ஹோம்வொர்க்” என்று ஆசிரியர் சொன்னதும் பயிற்சிப் புத்தகங்கள் பின்வரிசையிலிருந்து கைமாறிக் கைமாறி முன்வரிசைக்கு வந்துவிடும். தொடக்கநிலை ஒன்றில் காதில் விழுந்த அந்தச் சொல் உயர்நிலைப் பள்ளி, தொடக்கக் கல்லூரி, பல்கலைக்கழகம் என்று நம்மோடு கூடவே வருகிறது. இப்போது கையில் தாளே இல்லை, கட்டுரையை இணையத்தில்தான் பதிவேற்றுகிறோம். ஆனாலும் நண்பர்கள் “பாஸ் அப் பண்ணிட்டியா?” என்றுதான் கேட்கிறார்கள். தமிழ் வகுப்பில்கூட இதே கேள்விதான்.

சிக்கல் என்னவென்றால், நம் ஊரையும் மலேசியாவையும் தாண்டிவிட்டால் இதே சொற்றொடருக்கு ஏறக்குறைய எதிர்மாறான பொருள். கைக்கு வரக்கூடிய நல்ல வாய்ப்பு ஒன்றை வேண்டாம் என்று விட்டுவிடுவதைத்தான் லண்டனிலும் நியூயார்க்கிலும் ‘பாஸ் அப்’ என்கிறார்கள். ‘ஒப்படைத்துவிட்டேன்’ என்று நினைத்து நாம் எழுதுவதை ‘விட்டுவிட்டேன்’ என்று அவர்கள் படிக்கிறார்கள்.

என் சித்தி மகள் பலதுறைத் தொழிற்கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். வெளிநாட்டு நிறுவனம் ஒன்றில் வேலைப் பயிற்சிக்கு விண்ணப்பித்திருந்தாள். அவர்கள் சிறிய வடிவமைப்புப் பணி ஒன்றைக் கொடுத்து, ஒரு வாரத்தில் முடிக்கச் சொன்னார்கள். மூன்று இரவு கண்விழித்து முடித்து, அவர்களுடைய இணையத்தளத்தில் பதிவேற்றினாள். பிறகு மரியாதைக்காக ஒரு மின்னஞ்சலும் அனுப்பினாள்: “ஐ பாஸ்ட் அப் த அசைன்மென்ட் ஆன் ஃப்ரைடே.” மறுநாள் பதில் வந்தது. தெரிவித்ததற்கு நன்றி, அந்த இடத்தை வேறொருவருக்குக் கொடுக்கிறோம், உங்கள் படிப்புக்கு வாழ்த்துகள் என்று அதில் இருந்தது.

“அக்கா, நான் அனுப்பிட்டேன்னுதானே எழுதினேன்? இவங்க ஏன் ‘பரவாயில்லை’ங்கிற மாதிரி பதில் போடுறாங்க?” என்று தொலைபேசியில் கேட்டாள்.

“நீ அனுப்பிட்டேன்னு எழுதலம்மா. எனக்கு இந்த வேலை வேண்டாம்னு எழுதியிருக்கே” என்றேன். அவள் நம்பவில்லை. அகராதிப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பிய பிறகுதான் நம்பினாள். அன்றிரவே ‘சப்மிட்டட்’ என்ற சொல்லைப் போட்டு, பதிவேற்றியதற்கான சான்றையும் இணைத்து மறுபடி எழுதினாள். நல்லவேளை, அவர்கள் வேறு யாரையும் அழைத்திருக்கவில்லை. நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். பதில் வரும்வரை அந்த இரண்டு நாளும் அவள் பட்ட பாடு வீட்டில் எல்லோருக்கும் தெரியும். சித்தி கோயிலுக்கே போய்விட்டு வந்தார்.

இதில் அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. “பாஸ் த புக்ஸ் அப் டு த ஃப்ரன்ட்” என்று சொன்னால் அது நல்ல ஆங்கிலம்தான். புத்தகங்களை முன்பக்கம் நகர்த்துங்கள் என்று பொருள். சீன மொழியிலும் வீட்டுப்பாடத்தை ஆசிரியரிடம் ‘மேலே’ கொடுப்பதாகத்தான் சொல்வார்கள். வகுப்பறையில் கண்ணால் பார்த்த அசைவு நாளடைவில் ‘ஒப்படை’ என்ற பொதுப் பொருளாக நம் பேச்சில் நிலைத்துவிட்டது. ஆசிரியர்களே அப்படிப் பேசும்போது மாணவர்கள் வேறு எப்படிப் பேசுவார்கள்?

நல்ல ஆங்கிலம் பேசும் இயக்கம் 2000ஆம் ஆண்டில் இங்கே தொடங்கப்பட்டது. அப்போதிலிருந்து சிங்கிலிஷ் வேண்டுமா வேண்டாமா என்ற விவாதம் ஓயவில்லை. எனக்கு அந்த விவாதத்தில் கொஞ்சம் சலிப்பு உண்டு. ‘ஷியோக்’ என்ற சொல்லை 2016இல் ஆக்ஸ்ஃபர்ட் ஆங்கில அகராதியே சேர்த்துக்கொண்டது. ‘ஷியோக்’ யாருக்கும் கெடுதல் செய்யாது. வெளிநாட்டவர் அதைக் கேட்டால் புருவத்தை உயர்த்தி, “அப்படியென்றால்?” என்று கேட்பார், நாமும் சொல்லிவிடுவோம். ‘பாஸ் அப்’ அப்படியல்ல. அந்தச் சொல் தமக்குத் தெரியும் என்று அவரும் நினைக்கிறார், நாமும் நினைக்கிறோம். இருவரும் எதையும் கேட்டுத் தெளிவதில்லை. தெரியாத சொல்லைவிட, தெரிந்ததாகத் தோன்றும் சொல்தான் ஆபத்தானது.

‘பாஸ்’ தெரியும், ‘அப்’ தெரியும், இரண்டும் சேர்ந்தால் மட்டும் ஏன் இப்படி ஒரு பொருள் என்று வார இறுதியில் நான் துணைப்பாடம் சொல்லிக்கொடுக்கும் உயர்நிலை நான்கு மாணவர்கள் அலுத்துக்கொள்கிறார்கள். தமிழ் தெரிந்தவர்கள் இதற்கு அலுத்துக்கொள்ளத் தேவையில்லை. கை தெரியும், விடு தெரியும். ஆனால் ‘கைவிட்டான்’ என்றால் பிடித்திருந்த கையை விட்டான் என்றா புரிந்துகொள்கிறோம்? ‘கைகழுவினான்’ என்பதற்கும் தண்ணீர்க் குழாய்க்கும் தொடர்பு இல்லாத இடங்கள் உண்டு. ‘விட்டுக்கொடு’ என்பதில் விடுவதும் இருக்கிறது, கொடுப்பதும் இருக்கிறது, பொருளோ வேறு. இவற்றை உடைத்துப் பார்க்காமல் முழுதாகவே கற்றுக்கொண்டோம். ஆங்கிலத் தொடர்களையும் அப்படித்தான் கற்க வேண்டும்.

சரி, ‘பாஸ் அப்’பைச் சரியாகப் பயன்படுத்துவது எப்படி? முதலில் அதன் பின்னால் என்ன வருகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் வாய்ப்பு, அழைப்பு, சலுகை போன்ற நல்லது ஏதாவது வரும். “ஷி பாஸ்ட் அப் த சான்ஸ் டு ஸ்டடி இன் லண்டன்” என்றால், லண்டனில் படிக்கும் வாய்ப்பை அவள் ஏற்கவில்லை. மழையையும் தலைவலியையும் யாரும் ‘பாஸ் அப்’ செய்ய முடியாது.

அடுத்தது, அது தெரிந்தே எடுத்த முடிவாக இருக்க வேண்டும். மாணவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். அலாரம் அடிக்காமல் தூங்கிப்போய் நேர்காணலுக்குப் போகவில்லை என்றால் அது ‘மிஸ்ட்’. நேர்காணல் இருப்பது தெரிந்தும், யோசித்துப் பார்த்துப் போகாமல் இருந்தால்தான் ‘பாஸ்ட் அப்’. வாய்ப்பு தானாக நம்மைக் கடந்து போய்விட்டால் ‘த சான்ஸ் பாஸ்ட் மீ பை’ என்பார்கள். நழுவிப்போனது வேறு, வேண்டாம் என்று விட்டது வேறு.

‘கிவ் அப்’, ‘டர்ன் டவுன்’ இரண்டும் இதன் பக்கத்து வீட்டுக்காரர்கள். ஏற்கெனவே கையில் இருப்பதை அல்லது செய்துகொண்டிருப்பதை விடுவது ‘கிவ் அப்’. புகைப்பிடிப்பதை ஒருவர் ‘கிவ் அப்’ செய்யலாம், ‘பாஸ் அப்’ செய்ய முடியாது. ஒருவர் நேரடியாக ஒன்றைத் தர முன்வந்து, அவரிடம் நாம் முடியாது என்று சொன்னால் ‘டர்ன் டவுன்’. அதனால்தான் “ஷி டர்ன்ட் ஹிம் டவுன்” என்று ஆளையே மறுக்க முடிகிறது. ‘பாஸ் அப்’புக்கு எதிரில் ஆள் இருந்தே தீர வேண்டும் என்பதில்லை. கடைத்தொகுதியில் பாதி விலைக்குக் கிடந்த காலணியை வாங்காமல் வந்தாலும் அது ‘பாஸ் அப்’தான்.

சொற்களின் இடம் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ‘பாஸ் அப் த ஆஃபர்’, ‘பாஸ் த ஆஃபர் அப்’ இரண்டும் சரி. ஆனால் ‘இட்’ வந்தால் நடுவில்தான் உட்கார வேண்டும்: ‘பாஸ் இட் அப்’. ‘பாஸ் அப் இட்’ என்பது தவறு. அதேபோல் “த பிரைஸ் வாஸ் டூ குட் டு பாஸ் அப்” என்பதோடு வாக்கியம் முடிந்துவிட்டது. கடைசியில் ஓர் ‘இட்’டை ஒட்டவைக்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு, அதை விட்டுவிடலாம்.

வீட்டுப்பாடத்துக்கு ‘ஹேண்ட் இன்’ இருக்கிறது. ‘ஹேண்ட் இன் யுவர் வொர்க்’, ‘ஹேண்ட் இட் இன்’. விண்ணப்பம், திட்டப்பணி, மின்னஞ்சல் என்று எழுத்தில் வரும்போது ‘சப்மிட்’ இன்னும் பாதுகாப்பானது. எந்த நாட்டில் படித்தாலும் ஒரே பொருள்தான். வகுப்பில் நண்பரிடம் “பாஸ் அப் பண்ணிட்டேன்” என்று சொல்வதை நிறுத்த வேண்டியதில்லை. நான் இன்றும் அப்படித்தான் சொல்கிறேன்.

இதே குடும்பத்தில் ‘பாஸ் அவுட்’ என்று ஒன்று இருக்கிறது. தேசிய சேவையில் அடிப்படைப் பயிற்சியை முடித்தவர்களுக்கு ‘பாசிங் அவுட் பரேட்’ நடக்கிறது. இந்தியாவிலிருந்து வந்த என் வகுப்புத் தோழர்கள், கல்லூரியில் படிப்பை முடித்ததையும் ‘பாஸ்ட் அவுட்’ என்பார்கள். இந்த இரண்டு பழக்கமும் தெரியாத ஒருவரிடம் “ஐ பாஸ்ட் அவுட் லாஸ்ட் இயர்” என்று சொன்னால், மயங்கி விழுந்தீர்களா, இப்போது உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரிப்பார்.

போன வாரம் என் மாணவர்களிடம் ‘பாஸ் அப்’ வைத்து ஆளுக்கொரு வாக்கியம் எழுதச் சொன்னேன். ஒரு பையன், “மை பிரதர் நெவர் பாஸஸ் அப் ஃப்ரீ ஃபூட்” என்று எழுதினான். இலவசச் சாப்பாட்டை அண்ணன் விட்டதே இல்லையாம். இலக்கணமும் சரி, அண்ணனைப் பற்றிய தகவலும் சரியாகத்தான் இருக்கும். இன்னொரு மாணவி, “மை சிஸ்டர் பாஸ்ட் அப் எ ப்ளேஸ் இன் ஜேசி டு ஸ்டடி நர்சிங்” என்று எழுதியிருந்தாள். தொடக்கக் கல்லூரியில் இடம் கிடைக்கும் என்று தெரிந்தும் அவளுடைய அக்கா தாதிமைத் துறையைத் தேர்ந்தெடுத்தவர். உடனே பின்வரிசையிலிருந்து ஒரு கேள்வி வந்தது: “இடம் கொடுத்தாங்கன்னா அது ‘டர்ன் டவுன்’தானே, அக்கா?” நல்ல கேள்வி. கடிதம் வந்து, வேண்டாம் என்று பதில் சொல்லியிருந்தால் இரண்டுமே பொருந்தும். விண்ணப்பிக்காமலேயே விட்டிருந்தால் ‘பாஸ்ட் அப்’ மட்டும்தான் சரி. எது நடந்தது என்று அந்த மாணவியிடம் கேட்டோம். அவளுக்குத் தெரியவில்லை. வீட்டுக்குப் போய் அக்காவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றாள்.