தோளில் தொடங்கும் எழுத்து

மூன்று வயதுக் குழந்தையின் கையை எக்ஸ்ரே எடுத்தால், மணிக்கட்டு இருக்கவேண்டிய இடத்தில் பெரும்பகுதி காலியாகத் தெரியும். வளர்ந்தவரின் மணிக்கட்டில் கூழாங்கற்களை அடுக்கியதுபோல 8 சிறு எலும்புகள் உண்டு. அந்தக் குழந்தையின் படத்தில் மூன்றோ நான்கோதான் தெரியும். மற்றவையும் இருக்கின்றன, ஆனால் இன்னும் குருத்தெலும்பாக இருக்கின்றன. குருத்தெலும்பு எக்ஸ்ரேயில் தெரியாது. பிறக்கும்போது எட்டுமே அப்படித்தான். முதல் சில மாதங்களில் இரண்டு எலும்பாகத் தொடங்கும். பிறகு ஏறக்குறைய ஆண்டுக்கு ஒன்றாக மற்றவை வரும். பட்டாணி வடிவிலான கடைசி எலும்பு தலைகாட்டும்போது பிள்ளை நான்காம் வகுப்பையோ ஐந்தாம் வகுப்பையோ எட்டியிருக்கும். உடலின் வளர்ச்சி வயதை அறிய மருத்துவர்கள் கை எக்ஸ்ரேயைப் பார்ப்பது இதனால்தான். கை ஒரு நாள்காட்டி.

அந்தக் கையில்தான் நாம் பென்சிலைக் கொடுத்து, "ரெண்டு பக்கம் அ எழுது" என்கிறோம்.

எலும்பு முற்றாததால் மட்டுமே எழுத வருவதில்லை என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். குருத்தெலும்பு மணிக்கட்டும் நன்றாகவே வளையும். ஆனால், கை இன்னும் கட்டி முடியாத வீடு என்பதை அந்தப் படம் கண்முன் காட்டுகிறது. அந்தக் கட்டுமானத்துக்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. அங்கன்வாடியிலும் மழலையர் பள்ளியிலும் மூலைக்கு மூலை வைக்கும் மாவு, மணி, கத்தரிக்கோல், மணல் தொட்டி எல்லாம் அந்த ஒழுங்கின்படி வேலை செய்யும் கருவிகள். "பிள்ளை நாள் முழுக்க விளையாடிட்டுத்தான் வருது டீச்சர், ஒண்ணுமே எழுதலையே" என்று கேட்கும் பெற்றோருக்கு, அந்த விளையாட்டுக்குள் என்ன நடக்கிறது என்று சொல்லவேண்டிய கடமை நமக்கு இருக்கிறது.

நடுவிலிருந்து நுனிக்கு

குழந்தையின் அசைவுகள் பொதுவாக இரண்டு திசைகளில் கைவசமாகின்றன. ஒன்று, மேலிருந்து கீழே: முதலில் தலை நிற்கும், பிறகு உட்காரும், அதன் பிறகுதான் கால் ஊன்றும். மற்றொன்று, உடலின் நடுவிலிருந்து நுனிக்கு: தோள், முழங்கை, மணிக்கட்டு, கடைசியாக விரல்.

இதை ஒரு குழந்தை கிறுக்கும்போதே பார்க்கலாம். ஒன்றரை வயதில் கிரேயானை முஷ்டிக்குள் பிடிக்கும்; கோடு போடுவது தோள். இரண்டு, மூன்று வயதில் விரல்கள் காகிதத்தை நோக்கி நீளும், முழங்கை அசையும். மூன்றரை, நான்கு வயதில் கட்டைவிரல், ஆட்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் சேர்ந்து பிடிக்கும்; ஆனால் அசைவது மணிக்கட்டுதான். நாலரை முதல் ஆறு வயதுக்குள்தான் கை ஓரிடத்தில் தங்கியிருக்க, விரல்கள் மட்டும் அசைந்து எழுதும் பிடி கைகூடுகிறது.

வடிவங்களும் அப்படியே வரிசையாக வருகின்றன. பார்த்து வரையச் சொன்னால், பெரும்பாலான குழந்தைகளுக்கு மூன்று வயதையொட்டி நேர்கோடும் வட்டமும் வரும். கூட்டல் குறிக்கு நான்கு வயது. சதுரத்துக்கு நாலரை. சாய்கோடு உள்ள முக்கோணத்துக்கு ஐந்தைத் தாண்ட வேண்டும். இப்போது நம் 'அ'வைப் பாருங்கள். சுழி, அதிலிருந்து விரியும் வளைவு, திரும்பி வரும் படுக்கைக்கோடு, முடிவில் ஒரு செங்குத்துக்கோடு. இவ்வளவும் கையெடுக்காமல் போட வேண்டும். கூட்டல் குறிகூட வராத மூன்று வயதுக் கையிடம் நாம் கேட்பது அதைத்தான்.

ஏணி ஆடினால் மேலே நிற்பவரால் ஆணி அடிக்க முடியாது. தோளும் முதுகும் நிலையாக நின்றால்தான் விரல் நுணுக்கமாக அசையும். ஊஞ்சலாடுவது, மேசைக்கு அடியில் தவழ்ந்து போவது, கம்பியில் தொங்குவது, பாண்டி ஆட்டத்தில் ஒற்றைக்காலில் நொண்டுவது எல்லாம் எழுத்துக்குத் தூரத்து உறவு போலத் தோன்றலாம். உண்மையில் அடித்தளம் அவைதான். 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்காக உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. 3, 4 வயதுக் குழந்தைகள் நாளொன்றுக்குக் குறைந்தது 180 நிமிடம் உடலை அசைத்து விளையாட வேண்டும், அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்கும்படி ஓடியாட வேண்டும் என்கிறது அது. திரைக்கு முன்னால் உட்காரும் நேரம் ஒரு மணிக்கு மேல் போகக்கூடாது.

விரலில் தசை இல்லை

வலது கையால் இடது முன்கையை, முழங்கைக்குச் சற்றுக் கீழே, இறுகப் பிடித்துக்கொண்டு இடக்கை விரல்களை மடக்கி விரியுங்கள். பிடித்த இடத்தில் சதை நெளிவது தெரிகிறதா? விரலை மடக்கும் தசை விரலுக்குள் இல்லை. பெரிய தசைகள் முன்கையில் இருக்கின்றன. சிறிய தசைகள் உள்ளங்கையில் இருக்கின்றன. அவற்றிலிருந்து நீளும் தசைநாண்கள், பொம்மலாட்டக்காரர் கயிற்றைச் சுண்டுவதுபோல, விரல்களை இழுக்கின்றன.

இன்னொன்றும் செய்து பாருங்கள். மணிக்கட்டை உள்பக்கமாக முழுக்க மடக்கிக்கொண்டு முஷ்டியை இறுக்குங்கள். வலு வராது; கயிறு தளர்ந்துவிட்டது. மணிக்கட்டைச் சற்றுப் பின்னுக்குச் சாய்த்தால் பிடி இறுகும். சுவரில் தாழ்வாகக் கரும்பலகை அடித்துச் சாக்பீஸ் கொடுப்பதன் பொருள் இங்கே விளங்கும். செங்குத்தான பரப்பில் எழுதும்போது மணிக்கட்டு தானாகவே பின்னுக்குச் சாய்கிறது. தோளும் உயர்ந்து உழைக்கிறது. முழு சாக்பீஸைவிட உடைந்த துண்டு நல்லது. முஷ்டியால் பிடிக்க முடியாத அளவு சிறியதாக இருந்தால், குழந்தை அதை மூன்று விரலால்தான் பிடிக்க முடியும். யாரும் சொல்லித்தர வேண்டாம், துண்டே சொல்லித்தரும்.

மற்ற மூலைகளையும் இப்படிப் பார்க்கலாம். மாவு மூலையில் பிசைவதும் உருட்டுவதும் உள்ளங்கைத் தசைகளுக்கு உடற்பயிற்சி. ஒரு கையின் உள்ளங்கைப் பக்கத் தோலில் மட்டும் ஏறக்குறைய 17,000 தொடு உணர்வு முனைகள் இருக்கின்றன. எவ்வளவு அழுத்தினால் மாவு எவ்வளவு அமுங்குகிறது என்ற கணக்கு அவற்றின் வழியாக மூளைக்குப் போகிறது. பென்சில் முனை முறியாமலும் கோடு மங்காமலும் எழுத, பின்னாளில் அந்தக் கணக்குதான் உதவும்.

மணி கோர்க்கும்போது ஒரு கை நூலை நீட்டும், மறுகை மணியைக் காட்டும். கத்தரிக்கோல் பிடித்தால் ஒரு கை வெட்டும், மறுகை காகிதத்தைத் திருப்பிக் கொடுக்கும். இரண்டு கைகளும் இருவேறு வேலைகளை ஒரே நோக்கத்துக்காகச் செய்ய, மூளையின் இரண்டு பாதிகளும் நொடிதோறும் பேசிக்கொள்ள வேண்டும். எழுதும்போது நோட்டை நகராமல் பிடிக்கும் கை அங்கேதான் பழகுகிறது.

இந்த வரிசையில் நம் பல்லாங்குழிக்குத் தனி இடம் உண்டு. குழியிலிருந்த புளியங்கொட்டைகளை அள்ளி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக விரல் நுனிக்கு நகர்த்தி அடுத்த குழியில் போட வேண்டும். மற்றவை சிந்தக் கூடாது. ஒரு கைக்குள்ளேயே ஒரு பொருளை இடம் மாற்றும் இந்த வித்தை, சிறு குழந்தைகளுக்கு மிகக் கடினமான கைத்திறன்களில் ஒன்று. சிகிச்சையாளர்கள் இதற்கென்றே பயிற்சி தருகிறார்கள். நம் பாட்டிகள் விளையாட்டாகவே தந்துவிட்டார்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் கொட்டையையும் மணியையும் வாயிலோ மூக்கிலோ போட்டுக்கொள்வார்கள். அவர்களுக்கு மாவும் தண்ணீரும் போதும்.

நூறு தடவை ஏன்?

தண்ணீர் மூலையில் ஒரு குழந்தை ஒரு தம்ளரிலிருந்து இன்னொன்றுக்கு ஊற்றும். மறுபடி ஊற்றும். பார்ப்பவருக்குச் சலித்துவிடும், குழந்தைக்குச் சலிக்காது. காரணம் சிறுமூளையில் இருக்கிறது. தலையின் பின்புறம் கீழே இருக்கும் சிறுமூளை, எடையில் மூளையின் பத்தில் ஒரு பங்குதான். ஆனால் மூளையின் நரம்புச் செல்களில் ஏறக்குறைய 80 விழுக்காடு அங்கே குவிந்திருக்கின்றன. நினைத்த அசைவுக்கும் நடந்த அசைவுக்கும் உள்ள வேறுபாட்டைக் கணக்கிட்டு அடுத்த முறை திருத்துவது அதன் வேலை. சிந்திய ஒவ்வொரு துளியும் அதற்கு ஒரு பாடம். சிந்தாமல் பழக, சிந்தித்தான் ஆக வேண்டும்.

எவ்வளவு பிழை தேவைப்படுகிறது? அமெரிக்க ஆய்வாளர் கேரன் அடால்ஃப் குழுவினர், நடை பழகும் குழந்தைகள் இயல்பாக விளையாடுவதை எண்ணிப் பார்த்து 2012-ல் வெளியிட்டார்கள். ஒரு மணி நேரத்தில் சராசரியாக 2,368 அடிகள். 17 முறை விழுதல். யாரும் கட்டாயப்படுத்தாமல், மதிப்பெண் போடாமல், குழந்தை தனக்குத்தானே கொடுத்துக்கொள்ளும் பயிற்சி அது.

இப்படிப் பழகியது எங்கே தங்குகிறது? ஹென்றி மொலைசன் என்ற அமெரிக்கருக்கு வலிப்பு நோய்க்காக 1953-ல் மூளை அறுவைச் சிகிச்சை நடந்தது. அதன் பிறகு புதிதாக எதையும் நினைவில் வைக்க அவரால் முடியவில்லை. உளவியலாளர் பிரெண்டா மில்னர் அவரிடம், கண்ணாடியில் மட்டும் பார்த்து ஒரு நட்சத்திரத்தின் ஓரமாகக் கோடு போடச் சொன்னார். மூன்று நாள் பயிற்சியில் அவருடைய கோடு வெகுவாகத் திருந்தியது. ஆனால் ஒவ்வொரு நாளும், "இதை நான் செய்ததே இல்லை" என்றுதான் அவர் நம்பினார். அவருக்கு நினைவில்லை; அவர் கைக்குப் பழகியிருந்தது. செய்திகளின் நினைவுக்கும் கைப்பழக்கத்துக்கும் மூளையில் தனித்தனிப் பாதைகள் இருப்பதை உலகம் அறிந்துகொண்டது அப்போதுதான். சொல்லிக் கொடுத்துக் கையைப் பழக்க முடியாது. செய்யவிட்டால்தான் பழகும்.

சென்னை மணலிலிருந்து

இதை நம் திண்ணைப் பள்ளிகள் அறிந்திருந்தன. பிள்ளைகள் ஓலையில் எழுத்தாணி வைப்பதற்கு முன்னால் மணலில் விரலால் எழுதினார்கள். மணல் விரலை எதிர்க்கும். அந்த எதிர்ப்பே எழுத்தின் வடிவத்தைத் தோலுக்கும் தசைக்கும் சொல்லும். தவறினால் கையால் தடவி அழித்துவிடலாம். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் அநாதைப் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியை நடத்திய ஆண்ட்ரு பெல், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்துத் தம் பள்ளியிலும் அதைக் கொண்டுவந்தார். தம் அனுபவத்தை 1797-ல் லண்டனில் நூலாக்கினார். பிறகு அங்கே ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்திய ஜோசப் லங்காஸ்டரும் மணல் பலகையில் எழுத்து கற்பித்தார். சென்னை மணல் கடல் கடந்தது.

1907-ல் ரோம் நகரின் ஏழைக் குடியிருப்பு ஒன்றில் மரியா மாண்டிசோரி தம் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். மருத்துவரான அவர் உருவாக்கியவற்றில், உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்துகள் உண்டு. குழந்தைகள் கண்ணால் பார்த்ததோடு விரலால் தடவியும் எழுத்தை அறிந்தார்கள். துளைகளில் பொருத்தும் மர உருளைகளும் உண்டு. அவற்றின் சிறு குமிழைப் பென்சிலைப் பிடிப்பதுபோல மூன்று விரலால்தான் தூக்க முடியும். மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி, சுற்றிலும் மற்றவர்கள் பாடி ஆடியபோதும் தலைநிமிராமல், அந்த உருளைகளை நாற்பது தடவைக்கு மேல் எடுத்துப் பொருத்தியதை மாண்டிசோரி எண்ணிப் பதிவு செய்திருக்கிறார். 1939-ல் அவர் சென்னை அடையாறு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். போர் மூண்டதால் திரும்ப முடியாமல், இங்கும் கொடைக்கானலிலும் ஆண்டுக்கணக்கில் தங்கிப் பணிபுரிந்தார். விரலால் எழுத்தைத் தொடும் வழி, மணலில் எழுதிய ஊருக்கே வேறொரு பாதையில் வந்து சேர்ந்தது.

இன்றைய ஆய்வும் அந்தக் கைக்குத்தான் சான்று சொல்கிறது. கேரன் ஜேம்ஸ், லாரா எங்கெல்ஹார்ட் என்ற ஆய்வாளர்கள், இன்னும் படிக்கத் தெரியாத 5 வயதுக் குழந்தைகளைச் சில எழுத்துகளைத் தாமே வரையவும், சிலவற்றைப் புள்ளிக்கோட்டின் மேல் எழுதவும், சிலவற்றைத் தட்டச்சு செய்யவும் வைத்தார்கள். பிறகு அந்த எழுத்துகளைக் காட்டி மூளையை ஸ்கேன் செய்தார்கள். படிப்பதற்கு உதவும் மூளைப் பகுதிகள் விழித்தெழுந்தது தாமே எழுதிப் பார்த்த எழுத்துகளுக்குத்தான். 2012-ல் வெளியான இந்த முடிவு சொல்வது இதுதான்: எழுதும் கை, படிக்கும் கண்ணுக்கும் ஆசிரியர். அதனால்தான் அந்தக் கையை அவசரப்படுத்தி வெறுப்பூட்டக் கூடாது.

ஒவ்வொரு குழந்தையின் வேகமும் வேறு. இங்கே சொன்ன வயதுகள் வழிகாட்டி மட்டுமே. ஆனால் ஒரு வயதுக்கு முன்பே ஒரே கையை மட்டும் பயன்படுத்தி மறுகையை ஒதுக்கினாலும், வந்த திறன் ஒன்று மறைந்துபோனாலும், மருத்துவரிடம் உடனே காட்டுங்கள்.

மாவு மூலையும் மணல் தொட்டியும் வைக்கப் பெரிய செலவில்லை. ஒரு தட்டில் சலித்த மணல், ஒரு பிடி சப்பாத்தி மாவு, இரண்டு தம்ளர், சில துணி கிளிப்புகள், உடைந்த சாக்பீஸ். வேண்டியது பெரியவர்களின் பொறுமை. மாலையில் பிள்ளையை அழைத்து வரும்போது, "இன்னைக்கு என்ன எழுதினே?" என்று கேட்பதை விட்டு, "இன்னைக்கு என்ன செஞ்சே?" என்று கேளுங்கள். நோட்டில் ஒரு வரிகூட இல்லாத நாளிலும் அந்தக் கை எழுதக் கற்றுக்கொண்டுதான் இருந்தது.